முகத்துக் கரும்புள்ளிகள்: வீட்டில் செய்யத்தக்கதும் தகாததும்



இந்த இதழின் சுகாதாரப் பாடத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் காரியம் கடுகளவுகூட இல்லாத ஒன்று. மூக்கின் மேலும், மூக்கோரத்திலும், தாடையிலும் தோன்றுகிற கரும்புள்ளிகளைப் பற்றித்தான் எழுதுகிறோம். காசநோயும், கஷ்டமான பிரசவங்களும், சர்க்கரை வியாதிக் கால்புண்களும் இருக்க, உங்கள் காணிக்கையில் அச்சாகும் பக்கங்களை இதற்குச் செலவிடலாமா என்று எங்களுக்குள்ளேயே ஒரு தயக்கம் இருந்தது. காவேரிப்பாக்கத்துப் பெண் ஒருத்தி அந்தத் தயக்கத்தைத் தீர்த்துவைத்தாள்.

காவேரிப்பாக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்த ஊர்தான். சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில், வாலாஜாபேட்டைக்குக் கிழக்கே, பெரிய ஏரியை ஒட்டி இருக்கிறது. ஏரிப்பாசனத்தில் நெல் விளையும் பூமி. ஆனாலும் இப்போது காலையில் ஷூ கம்பெனி பஸ்கள் வந்து நிற்க, வயலுக்குப் போயிருக்க வேண்டிய பெண்பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாவோடு ஏறிப்போகிறார்கள். அங்கே நடந்த எங்கள் கிராம முகாமுக்கு அப்படிப்பட்ட ஒரு பெண்ணை அவளுடைய தாயார் அழைத்துவந்தார். வயது பத்தொன்பது இருக்கும். மூக்கின் வலப்பக்கம் சிவந்து வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. காய்ச்சலும் இருந்தது.

"எதுலம்மா குத்தினே?" என்று கேட்டார் எங்கள் சிஸ்டர்.

"ஊக்குலதான் சிஸ்டர். கரும்புள்ளி எடுக்கலாம்னு... தாவணியில குத்தியிருந்த ஊக்குதான்."

"ரெண்டு வாரத்துல நிச்சயதார்த்தம் சிஸ்டர். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்க. மூஞ்சி பளிச்சுன்னு இருக்கணும்னு இவ இப்படிப் பண்ணிக்கிட்டா" என்று தாயார் அழுதார்.

அன்றே அவளை மருத்துவமனையில் சேர்த்தோம். நான்கு நாட்கள் ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருந்தது. இத்தனை அவசரம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மூக்கின் மேற்பகுதியிலிருந்து வாயின் இரு ஓரங்கள் வரைக்கும் ஒரு முக்கோணம் வரைந்துகொள்ளுங்கள். அந்த இடத்து ரத்தம் திரும்பிப்போகிற சில நாளங்கள் கண்ணுக்குப் பின்னால், மண்டையோட்டுக்குள் இருக்கிற ஒரு ரத்தக்குழியோடு தொடர்புள்ளவை. அங்கே கிளம்பிய சீழ் மூளைப்பக்கம் போவது அபூர்வம். போனால் பார்வைக்கும் உயிருக்கும் ஆபத்து. பென்சிலின் வருவதற்கு முந்தின காலத்தில் இப்படி இறந்தவர்கள் உண்டு. ஆகவே மூக்கோரத்தில் வீக்கமும், காய்ச்சலும், கண் வீக்கமும் சேர்ந்து வந்தால் பத்துப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இதில் இரட்டிப்பு எச்சரிக்கையாயிருக்க வேண்டும்.

இனி பாடத்துக்கு வருவோம். நம் தமிழில் 'கரும்புள்ளி' என்ற வார்த்தை இரண்டு வேறு காரியங்களுக்கு வழங்குகிறது. பரு ஆறிய இடத்தில் தங்கிவிடுகிற கறுப்புத் தழும்பையும் அப்படியே சொல்கிறோம். தோலின் துவாரத்தில் கறுப்பாக அடைத்து நிற்கும் முளையையும் அப்படியே சொல்கிறோம். இங்கே நாங்கள் பேசுவது இரண்டாவதைப் பற்றி. முதலாவது தழும்பு. அதை எந்த ஊசியாலும் எடுக்க முடியாது.

நம் தோலின் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒரு சிறிய எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. வாலிப வயதில் அது அதிகமாகச் சுரக்கும். மயிர்க்காலின் உள்சுவரிலிருந்து உதிரும் தோல் செதில்கள் வெளியேறாமல் அந்த எண்ணெயோடு சேர்ந்து இறுகி, புட்டிக்குத் தக்கை வைத்ததுபோல் துவாரத்தை அடைத்துக்கொள்கின்றன. வாய் மூடியிருந்தால் வெள்ளைப்புள்ளி. வாய் திறந்திருந்தால் கரும்புள்ளி. அந்தக் கறுப்பு அழுக்கல்ல. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினும், காற்றுப்பட்டு மாறிய கொழுப்புமே அந்த நிறத்துக்குக் காரணம். இதை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அழுக்கு என்று நினைக்கிறவரைக்கும் ஜனங்கள் தேய்ப்பார்கள். பீர்க்கங்கூட்டாலும், உப்பாலும், சர்க்கரையாலும் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்பட்டு, அடைப்பு அதிகமாகும்.

பிள்ளையைப் பார்த்து "மூஞ்சியை ஒழுங்காகக் கழுவுகிறாயா?" என்று கேட்கிற பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டுகிறோம். கழுவாததால் வருவதல்ல கரும்புள்ளி.

முற்காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் இன்னும் மோசமாக எண்ணியிருந்தார்கள். பிதுக்கினால் நூல்போல் நெளிந்து வருவதைக் கண்டு அதை உடம்பைத் தின்னும் புழு என்றே நினைத்தார்கள். இன்றைக்கும் மருத்துவ நூல்களில் இதற்கு வழங்கும் 'கொமிடோ' என்ற பெயர், தின்று தீர்ப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. புழு போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இன்னொரு காரியம். கண்ணாடிக்கு மிக அருகில் போய்ப் பார்த்தால் மூக்கின் மேல் வரிசையாகச் சாம்பல் நிறத்தில் சிறுசிறு புள்ளிகள் தெரியும். அவை பெரும்பாலும் கரும்புள்ளிகளே அல்ல. எண்ணெய் வெளியேறுகிற இயல்பான வழிகள் அவை, எல்லாருக்கும் உண்டு. பிதுக்கி எடுத்தாலும், கடையில் விற்கும் ஒட்டுப்பட்டையால் உரித்தெடுத்தாலும் சில வாரங்களில் மறுபடியும் நிரம்பிவிடும். எங்களிடம் 'கரும்புள்ளி' என்று வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு நாங்கள் கொடுக்கிற வைத்தியம் கண்ணாடியைவிட்டு இரண்டு முழம் தள்ளி நிற்கச் சொல்வதுதான்.

சரி, உண்மையான கரும்புள்ளிக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

காலையிலும் இரவிலும், வியர்க்க வேலை செய்தபின்னும், மென்மையான சோப்பும் சாதாரணத் தண்ணீரும் கொண்டு விரல்நுனியால் முகம் கழுவி, துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். அவ்வளவு போதும். தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றியில் வழிய விடாதீர்கள். நம் தாய்மார்கள் பிள்ளைகளுக்குத் தேங்காயெண்ணெய் வழித்துத் தேய்த்து, மீதியை முகத்திலும் தடவி அனுப்புவது அன்பினால்தான். ஆனால் நெற்றியின் மேல்விளிம்பில் வரிசையாகப் பொடிப்பொடியாக வருகிற முளைகளுக்கு இதுவும் ஒரு காரணம். 1970-இலேயே அமெரிக்காவில் தலைக்குப் பூசும் பொமேடினால் வரும் பரு என்று இதைத் தனியாகப் பிரித்து எழுதினார்கள். எண்ணெயை விட்டுவிடச் சொல்லவில்லை. தலைமயிரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறோம்.

அடைப்பைக் கரைக்க, சாலிசிலிக் அமிலம் 2 சதவிகிதம் வரைக்கும் உள்ள முகக்கழுவியோ ஜெல்லோ மருந்துக்கடையில் கிடைக்கும். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், தோல் பொறுத்துக்கொண்டால் தினமும். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் வைத்தியரைக் கேட்டபின்பே இதைத் தொட வேண்டும். இதற்கும் கேட்காவிட்டால் அடாபலீன் 0.1 சதவிகித ஜெல் நல்ல மருந்து. அதை வைத்தியர் எழுதிக்கொடுத்தே வாங்குங்கள். இரவில், முகம் நன்றாக உலர்ந்தபின், முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டாணியளவு போதும். கர்ப்பிணிகளும், கர்ப்பத்துக்குக் காத்திருக்கிறவர்களும் பூசக்கூடாது. முதல் சில வாரங்களில் தோல் வறண்டு உரியும், கொஞ்சம் எரியும். வெயிலும் சீக்கிரம் சுடும், ஆகவே பகலில் குடையோ முக்காடோ வேண்டும். பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரங்கள் ஆகும். பத்து நாளில் கைவிடுகிறவர்களே அதிகம்.

லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தை வாசிக்கிறபோதெல்லாம் எங்கள் வைத்தியர் ஒருவர் ஒன்றைச் சுட்டிக்காட்டுவார். தோலில் ஒரு மாற்றம் கண்டவனை ஆசாரியன் பார்க்கிறான். சந்தேகமானால் உடனே தீர்ப்புச் சொல்வதில்லை. ஏழு நாள் பொறுத்து மறுபடி பார்க்கிறான், தேவையானால் இன்னும் ஏழு நாள். தோல் விஷயத்தில் இன்றைக்கும் எங்களிடம் உள்ள நல்ல கருவிகளில் ஒன்று காலண்டர்தான்.

ஆவி பிடிக்கலாமா என்று கேட்கிறார்கள். துவாரங்களுக்குக் கதவு இல்லை, ஆவியால் அவை திறப்பதும் மூடுவதும் இல்லை. வெதுவெதுப்பான ஈரத்துணியைப் பத்து நிமிடம் வைத்தால் மேலே இறுகியிருப்பது கொஞ்சம் இளகும், அது போதும். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வையைப் போட்டுக் குனிந்து, தண்ணீர் கவிழ்ந்து மடியும் தொடையும் வெந்துபோவதைப் போன்ற வீண் விபத்து வேறில்லை.

விரலால் எடுக்கவே கூடாதா? கூடாது என்று சொல்லிப் பார்த்தோம். யாரும் கேட்பதில்லை. ஆகவே எப்படி எடுத்தால் தீங்கு குறையும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். வாய் திறந்து, கறுப்பாக மேலே தெரிகிற முளையை மட்டும் தொடுங்கள். சிவந்ததையும், வலிக்கிறதையும், சீழ் கோத்ததையும் தொடவே வேண்டாம். நகத்தை வெட்டி, கையைச் சோப்பால் கழுவி, ஈரத்துணி வைத்து இளக்கியபின், இரு விரல்களிலும் சுத்தமான பஞ்சைச் சுற்றிக்கொண்டு, முளைக்கு இருபுறமும் சற்றுத் தள்ளி வைத்து, கீழ்நோக்கி மெதுவாக அமுக்குங்கள். இரண்டு தடவைக்குள் வரவில்லையானால் விட்டுவிடுங்கள். அழுத்தி நசுக்கினால் முளை உள்ளுக்குள்ளேயே உடைந்து பருவாகும். நம்முடைய மாநிறத் தோலுக்கு ஒரு குணம் உண்டு: சிறிய காயம்கூட ஆறினபின் கறுப்பாகத் தங்கி, போக மாதக்கணக்கில் ஆகும். கரும்புள்ளியை எடுக்கப்போய்க் கருந்தழும்பைச் சம்பாதித்துக்கொள்வது இப்படித்தான்.

ஊக்கு, ஹேர்பின், தையல் ஊசி எதுவும் முகத்தண்டை வரக்கூடாது. கரும்புள்ளி எடுக்கும் இரும்புக் கருவி பான்சிக் கடையிலும் கிடைக்கிறது. விடுதியில் ஒரே கருவியை ஐந்தாறு பெண்பிள்ளைகள் மாற்றி மாற்றி உபயோகித்ததைப் பார்த்திருக்கிறோம். ரத்தம் பட்ட கருவியால் மஞ்சள்காமாலைக் கிருமியும் பரவக்கூடும் என்பதை அவர்கள் அறியவில்லை. அதைப் பழகினவர் கையில் விட்டுவிடுவதே நல்லது.

எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, பற்பசை ஆகிய மூன்றையும் முகத்தில் போட வேண்டாம். எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கொப்பளித்துக் கறுத்துப்போகும். பயத்தமாவும் கடலைமாவும் தேய்க்காமல் கழுவினால் தீங்கில்லை.

இவை எல்லாவற்றையும்விட எங்களைக் கலங்கச் செய்வது வேறொன்று. மருத்துவமனையில் சேர்த்தபிறகுதான் அந்தப் பெண்ணின் பையிலிருந்து ஒரு சிறிய டியூப் வெளியே வந்தது. சிவப்பாகவும் பளபளப்பாகவும் இருந்த கன்னங்களில் மெல்லிய ரத்தக்கோடுகளும், பூனைமயிரும் ஏற்கெனவே எங்களுக்குச் சந்தேகம் உண்டாக்கியிருந்தன. "மெடிக்கல்ல கேட்டேன், குடுத்தாங்க. முதல் வாரமே வெளுப்பு தெரிஞ்சுது" என்றாள். எட்டு மாதமாகப் பூசிவந்திருக்கிறாள். அது ஸ்டீராய்டு சேர்ந்த களிம்பு. கரப்பானுக்கு வைத்தியர் குறித்த நாட்களுக்கு மட்டும் தருகிற மருந்து. முகத்தில் பூசினால் முதலில் பளிச்சென்றிருக்கும். பின்பு தோல் மெலியும், பருவும் கரும்புள்ளியும் கூட்டமாகக் கிளம்பும், நிறுத்தினாலோ முகம் நெருப்பாய் எரியும். எரிவதால் மறுபடியும் பூசுவார்கள். குடிக்கு அடிமையாவது போலத்தான். நம் தேசத்துத் தோல் வைத்தியர்கள் பல ஆண்டுகள் முறையிட்ட பிறகு, 2018-இல் மத்திய அரசு இப்படிப்பட்ட களிம்புகளை வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் டியூப் எங்கள் மேஜைக்கு வந்துகொண்டேயிருக்கிறது. வெளுப்பாக்குகிற களிம்பு என்று யாராவது கொடுத்தால் பெட்டியோடு எடுத்து வந்து காட்டுங்கள். பல மாதம் பூசிவிட்டவர்கள் திடீரென்று நிறுத்தாமல் வைத்தியர் சொற்படி விடுவது நல்லது.

ஈசாயின் வீட்டில் சாமுவேல் ஒவ்வொரு குமாரனாகப் பார்த்து, முகத்தையும் உயரத்தையும் கண்டு ஏமாந்த வரலாறு உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அதை யார் வாசித்துக் காட்டுவது!

தோல் தொழில் நடக்கிற நம்முடைய பகுதிக்கென்று இதில் ஒரு தனிப்பாடமும் உண்டு. 1700-இல் பெர்னார்தினோ ராமத்சினி என்ற இத்தாலிய வைத்தியர் தொழிலாளரின் வியாதிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தோல் பதனிடுகிறவர்களைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். வியாதியஸ்தனிடம் கேட்கிற கேள்விகளோடு 'நீ என்ன வேலை செய்கிறாய்?' என்பதையும் சேர்த்துக் கேள் என்று வைத்தியர்களுக்குச் சொன்னவர் அவர். கரும்புள்ளியோடு வருகிறவர்களிடமும் அதைக் கேட்க வேண்டும்.

சாதாரணக் கரும்புள்ளி மூக்கைத் தேடி வரும். எண்ணெய் ஊறின உடையோடு வேலை செய்கிறவர்களுக்கு அது தொடையிலும் முன்கையிலும் வரும். பதனிட்ட தோலை மிருதுவாக்க எண்ணெய் ஏற்றுகிற இடத்திலும், இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிற இடத்திலும் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். வேலை முடிந்ததும் குளித்து, உடையைத் தினமும் துவைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஷூ ஒட்டும் பசையைப் போக்கத் தின்னராலும் மண்ணெண்ணெயாலும் கைகழுவுகிறவர்கள் வேறு ஒரு தொல்லையை, கரப்பானை, வரவழைத்துக்கொள்கிறார்கள்.

இன்னும் ஒரு வகை உண்டு. மூக்கை விட்டுவிட்டு, கண்ணுக்கு வெளிப்புறத்தில் பிறைபோலவும், காதுக்குப் பின்னாலும் கரும்புள்ளிகள் நெருக்கமாக வரும். குளோரின் சேர்ந்த சில ரசாயனங்கள் உடம்பில் ஏறியதற்கு அது அடையாளமாயிருக்கலாம். 1899-இல் கார்ல் ஹெர்க்ஸ்ஹைமர் என்ற ஜெர்மானிய வைத்தியர் தொழிலாளர்களிடம் இதைக் கண்டு எழுதினார். 1976-இல் இத்தாலியின் செவேசோ ஊர்த் தொழிற்சாலையிலிருந்து டயாக்ஸின் என்ற நஞ்சு வெளியேறியபோது, நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் தோலில், முக்கியமாகப் பிள்ளைகளின் முகத்தில், இது வந்தது. நம் ஊருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. ஈரத்தோலில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க பென்டாகுளோரோபீனால் என்ற மருந்தை முன்பு தோல் தொழிற்சாலைகளில் உபயோகித்தார்கள். அதில் டயாக்ஸின் வகை நஞ்சுகள் கலந்திருக்கும். 1989-இல் ஜெர்மனி அதைத் தடைசெய்து, அது உள்ள தோலையும் வாங்க மறுத்தபோது, வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்து ஏற்றுமதி ஆட்டம்கண்டு, வேறு மருந்துக்கு மாற வேண்டியதாயிற்று. பின்பு இந்தியாவிலும் அது தடைசெய்யப்பட்டது. ஜெர்மனியில் செருப்பு அணிகிறவர்களின் காலைப்பற்றி வந்த கவலை, இங்கே தொட்டிக்குள் முழங்கைவரை கைவிட்டவர்களைப்பற்றி முதலில் வந்திருக்கலாமே என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு.

அதே காவேரிப்பாக்கம் முகாமுக்கு ஒரு பெரியவர் வந்தார். இரு கண்களின் ஓரத்திலும் பெரிய பெரிய கரும்புள்ளிகள். வாலிப வயதில் சில வருஷம் டேனரியில் வேலை, பிறகு முப்பது வருஷம் ஏர்பிடித்து வெயிலில். பீடியும் உண்டு. நெடுநாள் வெயிலும் புகையும் சேர்ந்து வயதானவர்களின் கண்ணோரத்தில் இப்படிக் கரும்புள்ளிகளை உண்டாக்கும். காதுக்குப் பின்னால் ஒன்றுமில்லாததால் வெயிலே காரணம் என்று எங்கள் வைத்தியர் எண்ணுகிறார். ஆனாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கக் குறித்திருக்கிறார். "இது பெருவியாதி இல்லையே ஐயா?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. கரும்புள்ளி குஷ்டரோகமாகாது. உணர்ச்சியற்ற தேமலும், தடித்த காதுமடலும், உதிர்கிற புருவமுமே அதற்கு அடையாளம். அதற்கும் இன்று இலவசமாக முழு வைத்தியம் உண்டு. இதைச் சொன்னதும் அந்த மனிதர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிறிதுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எத்தனை வருஷமாக அந்தப் பயத்தைச் சுமந்திருந்தாரோ!

அந்தப் பெண்ணின் நிச்சயதார்த்தம் ஒரு மாதம் தள்ளிப்போய், கர்த்தருடைய கிருபையால் நல்லபடியாக நடந்தது. மூக்கின் மேல் மிளகளவு கறுப்பு இன்னும் இருக்கிறது. சென்ற முறை வந்தபோது, தன்னோடு பஸ்ஸில் வருகிற இன்னும் மூன்று பெண்களை அழைத்துவந்தாள். அவர்களில் இருவரின் கைப்பையில் அதே டியூப் இருந்தது.

இந்த மூவருக்காகவும், மறுபடி வரவேண்டிய அந்தப் பெரியவருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். அவர் பீடியைப் பாதியாகக் குறைத்திருப்பதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.